கோழி இறகால் எண்ணெய் போட்ட பெட்டி

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

"உங்க சாதனையில ஒண்ணை எழுதிக் குடுங்க சார்" என்று உங்களில் இரண்டு பேர் வீடு தேடி வந்தீர்கள். மின்விசிறி, மோட்டார், ரேடியோ, மிக்ஸி என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஆயுள் முழுக்கப் பிரித்துப் போட்டவன் நான். அதில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பூட்டியும் இருக்கிறேன். சாதனை என்று நெஞ்சைத் தட்டிச் சொல்ல ஒன்று இருக்கிறதுதான். ஆனால் அதில் சரிபாதி என் மடத்தனம். மடத்தனத்தை எடுத்துவிட்டு மீதியை மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் இரண்டையும் கலந்தே பரிமாறுகிறேன்.

உங்களிடம் எண் காட்டும் மீட்டர் இருக்கிறது. எங்களிடம் இருந்தது டெஸ்ட் லாம்பு. ஒரு பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு வயர், அவ்வளவுதான். இரண்டு முனைகளை இரண்டு இடத்தில் தொட்டுப் பார்ப்போம். பல்பு எரிந்தால் கரண்டுக்கு வழி இருக்கிறது, எரியாவிட்டால் எங்கேயோ அறுந்திருக்கிறது. சாமிக்கு அடுத்தபடியாக நாங்கள் நம்பியது அந்தப் பல்பைத்தான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. காரைக்குடியில் ஒரு எலக்ட்ரிக் கடையில் ஏழு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளிக்குக் கை நல்ல கை, வாய்தான் கெட்ட வாய். ஒருநாள் வாடிக்கைக்காரர்கள் நாலு பேர் நிற்கும்போது, "நான் பக்கத்துல இல்லாட்டி இவனுக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது" என்றார். ஏழு வருடத்தில் அதைவிட மோசமாக எத்தனையோ சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஏனோ சுருக்கென்று தைத்துவிட்டது. ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டுப் படி இறங்கினேன்.

"போ, போ. நாளு எண்ணி வருவே. வந்தா எடுபிடியாத்தான் சேத்துக்கிருவேன்" என்று பின்னாலிருந்து கத்தினார். தெருவே கேட்டது.

அந்த வாரமே தனியாக ஒரு வேலை கிடைத்தது. கண்டனூரில் ஒரு பெரிய வீடு. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கும் வீடு. அடுத்த மாதம் அந்த வீட்டு மகளுக்குக் கல்யாணம். வருடக்கணக்கில் சுற்றாத மின்விசிறிகளைச் சுற்ற வைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாங்கட்டில் ஒரு அறையில் விசிறியைக் கழற்ற ஏணி போட்டபோது, கீழே ஜமுக்காளம் போர்த்தி ஏதோ ஒன்று நின்றது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அதோடு விசிறியை மறந்துவிட்டேன்.

நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மூடிய சாய்வு மேசை. ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் எஃகுக் குண்டு ஒன்று மேலே ஓடும். இறங்கி வரும் வழியெல்லாம் அங்கங்கே முட்டும். முட்டும் இடத்திலெல்லாம் மணி அடிக்கும், விளக்கு எரியும், பின்னால் நிற்கும் பலகையில் எண் ஏறும். குண்டு கீழே பள்ளத்தில் விழுந்துவிடாமல் இரண்டு பக்கமும் பொத்தானை அழுத்தி, துடுப்பு மாதிரி இருக்கும் கட்டையால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். சிப் எதுவும் அதில் கிடையாது. எல்லாம் கம்பி சுற்றிய காயிலும், கரண்டு வந்தால் தகட்டை இழுக்கும் ரிலேயும், அவற்றுக்கு நடுவே பட்டும் படாமலும் நிற்கும் குட்டிக் குட்டித் தகடுகளும்தான். இரண்டு தகடு ஒட்டினால் கரண்டு போகும், விலகினால் நிற்கும்.

வீட்டு ஆச்சி கல்யாணச் சாமான் பட்டியலோடு அந்தப் பக்கம் வந்தார். "அதுவா? எங்க வீட்டுல அவுக பினாங்குலேருந்து கப்பல்ல கொண்டாந்தது. அங்க ஒரு கிளப்பை மூடுனப்ப வாங்குனாகளாம். அவுக இருந்தவரைக்கும் ராப்பகலா மணிச் சத்தந்தான். அவுக போன பெறகு ஒருக்கா போட்டுப் பாத்தோம். டொப்பு டொப்புன்னுச்சு, அடங்கிப்போச்சு" என்றார்.

"எனக்குக் குடுப்பீகளா ஆச்சி?"

"அது ஓடாது தம்பி."

"ஓட வச்சுக்கிருவேன்."

சேமிப்பாகக் கையில் இருந்ததை மொத்தமாகச் சொன்னேன். ஆச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஓடாத பெட்டிக்கு எதுக்கு இம்புட்டுக் குடுக்குறீக? பாதி குடுங்க போதும்" என்றார். வாங்குகிறவன் ஏற்றிச் சொல்ல, விற்கிறவர் இறக்கிச் சொல்ல, அப்படி ஒரு பேரம் அந்த வட்டாரத்தில் அதற்கு முன் நடந்திருக்காது. எனக்கோ தலைகால் புரியவில்லை. பின்பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தேனா என்றால் இல்லை. வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது, அது போதுமாக இருந்தது. பழைய சாமான் வாங்கப் போகும்போது மின்னுகிறதைப் பார்த்து மயங்காதீர்கள் என்று இன்றைக்கு உங்களுக்குச் சொல்கிற வாய், அன்றைக்குப் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவர் வெள்ளைச்சாமி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்தான் வைக்கோல் பரப்பி வண்டியில் ஏற்றிக் கொடுத்தார். தோளில் கிடந்த துண்டால் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, "மெக்கானிக்கு, பதனமாக் கொண்டு போங்க. புள்ளையப் பாத்த மாதிரி பாத்திருக்கேன்" என்றார். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினேன். அவர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை.

காரைக்குடியில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட இன்னும் பத்து நாள். திருவிழாத் திடலை ஏலம் எடுத்திருந்த காண்ட்ராக்டரிடம் போய் நின்றேன். ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் உண்டு. வருடா வருடம் வளையம் எறியும் விளையாட்டுக்காரர் அதில் கடை போடுவார். "வளையம் எல்லா ஊர்லயும் இருக்கு. இது மெட்ராசுலகூட எத்தனை பேரு பாத்திருப்பாக?" என்று ஏற்றிவிட்டேன். காண்ட்ராக்டர் யோசித்தார்.

"தர்றேன். ஆனா காப்புக் கட்டுற அன்னைக்குச் சாயங்காலம் பெட்டி ஓடணும். ஓடலைன்னா அந்த நிமிசமே வளையக்காரரு வந்து உக்காந்துருவாரு. அப்பறம் எங்குட்டுப் போயி நின்னாலும் இடம் கெடையாது."

நான் யோசிக்கவே இல்லை, ஒத்துக்கொண்டேன். அந்த இடம் கிடைத்தால் நான் ஒரு தனி மெக்கானிக் என்று திருவிழாவுக்கு வரும் ஊருக்கெல்லாம் தெரியும். கிடைக்காவிட்டால் கையில் மிஞ்சிய காசு ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது, பழைய கடைப் படியேறி எடுபிடியாக நிற்க வேண்டியதுதான். என் பெஞ்சாதி பஞ்சவர்ணத்திடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. "அது ஓடுமான்னு பாத்துட்டுத்தான இடம் கேட்டீக?"

நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

பெட்டி நூற்றுப்பத்து வோல்ட்டுக்குச் செய்தது; ஆச்சி வீட்டில் அதை ஓட்டிய டிரான்ஸ்பார்மர் கூட வரவில்லை. அதை முதலில் கவனித்து டிரான்ஸ்பார்மர் வைத்துக் கொடுத்தேன். இந்தக் கதையில் நான் முதலில் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான், அதனால் மறக்காமல் எழுதுகிறேன். ஸ்விட்சைப் போட்டதும் பாதி விளக்கு எரிந்தது. ஒரு ரிலே கடகடவென்று நடுங்கியது. குண்டு முட்டினால் மணி இல்லை. இடது துடுப்பு அசைந்தது, வலது துடுப்பு கிடந்தபடி கிடந்தது. எண் பலகை ஒரே எண்ணில் நின்றுகொண்டு என்னை முறைத்தது.

மூன்று நாள் டெஸ்ட் லாம்பை வைத்துத் தகடு தகடாகத் தொட்டேன். ஒவ்வொன்றிலும் பல்பு எரிந்தது. பழுதில்லாத தகடுகள்! அப்படியென்றால் பழுது வயரில்தான் இருக்க வேண்டும். எலி கடித்திருக்கலாம், கப்பலில் வரும்போது இழுபட்டிருக்கலாம், பினாங்கில் எவனாவது மாற்றிப் போட்டிருக்கலாம். மனது ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் காரணத்துக்குப் பஞ்சமே வராது. அந்தச் சமயத்தில் பஞ்சவர்ணம் கூட்டிக்கொண்டே வந்தவள், திறந்து கிடந்த பெட்டிக்குள் மூக்கை நீட்டினாள்.

"என்னங்க, இதுக்குள்ள எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கிது."

"மிசினுன்னா எண்ணெய் வாடை வராம மல்லியப்பூ வாடையா வரும்?"

"மிசின் எண்ணெய் எனக்குத் தெரியாதா? இது கழுவாத வெளக்குல வர்ற வாடை."

"நீ போயி ஒலையப் பாரு" என்றேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நான் சொன்னது அதுதான்.

நாலாம் நாள் வயர்களை வெட்டினேன். வெட்டுவதற்கு முன் ஒரு காகிதத்தில் எது எங்கே இருந்தது என்று குறித்தேனா? இல்லை. எனக்குத்தான் எல்லாம் நினைவிருக்குமே! கோடு போட்ட வயர், புள்ளி போட்ட வயர் என்று ஒரு கொத்தை அறுத்து, என் மனதில் பட்ட மாதிரி மாற்றிப் போட்டேன். அதுவரை அசைந்துகொண்டிருந்த இடது துடுப்பும் நின்றது. பயந்துபோய் பழையபடி போடலாமென்று பார்த்தால், பழையபடி என்பது எப்படி என்று தெரியவில்லை. அறுந்த முனைகள் பதினாலு. அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை. முதலாளி சொன்னது உண்மைதானோ என்று தோன்றியது. அது பயத்தைவிட மோசம்.

ஏழாம் நாள் முதலாளியே வந்தார். செய்தி எட்டியிருக்கிறது. வாசலில் நின்று பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். அறுந்த வயர்களைப் பார்த்தார். அன்றைக்கு அவர் திட்டவில்லை, அதுதான் அதிகமாகச் சுட்டது.

"காயில்ல செம்பு இருக்கு. எடைக்குப் போட்டுரலாம். நாளைக்குக் கடைக்கு வந்துரு" என்றார்.

"காப்புக் கட்டு அன்னைக்குச் சொல்றேன் முதலாளி."

"அதுக்கப்பறம் சொல்றதுக்கு என்னடா இருக்கு?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பஞ்சவர்ணம் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். "ஏழு நாளா இதையே நோண்டுறீக. வச்சிருந்தவுகள்ட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாள்.

தம்பிகளே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கிறேன். இருப்பது மூன்று நாள். பெட்டி பிரிந்து கிடக்கிறது. அந்த நிலையில் வேலையை விட்டுவிட்டு ஊர் விட்டு ஊர் போவதா என்று எவனுக்கும் தோன்றும். கை பரபரக்கும், இன்னொரு வயரை வெட்டு வெட்டு என்று சொல்லும். அன்றைக்கு அந்தக் கையைக் கட்டிப்போட்டதுதான் நான் என் தொழிலில் எடுத்த மிகச் சரியான முடிவு. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கண்டனூர் போனேன்.

வயரிங் படம் போட்ட காகிதம் ஏதாவது கூட வந்ததா என்று ஆச்சியிடம் கேட்டேன். அப்படி எதுவும் இல்லை என்றார். "வெள்ளைச்சாமியக் கேளுங்க. எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும்" என்றார். வெள்ளைச்சாமி முகப்பில் ஒரு பெரிய பூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் எண்ணெய். கையில் கோழி இறகு.

நான் அந்த இறகைப் பார்த்தபடி நின்றேன்.

"வாங்க மெக்கானிக்கு. பெட்டி நல்லாருக்கா?" என்றார்.

"அண்ணே, அந்தப் பெட்டிக்கும் இப்படி எண்ணெய் போட்டீகளா?"

அவர் முகம் மலர்ந்தது. ஒருவரும் கேட்காத ஒரு விஷயத்தை யாரோ கேட்டுவிட்ட சந்தோஷம். "போடாம? கல்யாணம்னு தெறக்குற அன்னைக்கு ஒரு பூட்டு இறுகிப்போச்சு, ஒரு கதவுக் கீலு கத்துச்சுன்னா எனக்குத்தான அவமானம்? வருசத்துக்கு மூணு தடவ, இந்த வீட்டுல இருக்குற அத்தனை இரும்புக்கும் பித்தளைக்கும் வெளக்கெண்ணெய் போட்டுருவேன். ஆச்சியோட வீட்டுக்காரரு, அப்பச்சி போன பெறகு அந்தப் பெட்டியையும் சேத்துக்கிட்டேன். பின்கதவைத் தெறந்து, உள்ள குட்டிக் குட்டியாப் பல்லு பல்லா இருக்கும்ல, அது ஒவ்வொண்ணுக்கும் எறகால தொட்டுத் தொட்டு வச்சேன். ஒரு பல்லை விட்டதில்லை. ஒரு பொட்டுத் துரு பாத்தீகளா நீங்க?"

துரு இல்லைதான். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. விளக்கெண்ணெய் வருடக்கணக்கில் காய்ந்து ஒவ்வொரு தகட்டின் மேலும் பொன்னிறமாக ஒரு படலமாகப் படிந்திருக்கிறது. பார்த்தால் மெருகு போலத் தெரியும். என் டெஸ்ட் லாம்பில் ஓடுவது வீட்டு லைனின் முழுக் கரண்டு, அது படலத்தைத் துளைத்துக்கொண்டு போய்ப் பல்பை எரிய வைத்துவிடும். பெட்டிக்குள் ஓடுவது சின்னக் கரண்டு, அதற்கு அந்தப் படலம் சுவர். என் பெஞ்சாதியின் மூக்கு ஐந்து நாள் முன்பே சொன்னதை என் பல்பு மறைத்துவிட்டது.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "கெடுத்துப்புட்டீகளே அண்ணே!" என்று கத்தியிருப்பேன். ஏழு நாள் தவித்த தவிப்பு, முதலாளியின் சிரிப்பு, எல்லாம் சேர்ந்து அந்த மனிதர் தலையில் கொட்டத் தயாராக இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தேன். அத்தனை பெரிய வீட்டில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு பெட்டியை, சம்பளத்தில் சேராத வேலையாக, இத்தனை வருடம் இறகால் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். நான் அதை ஒரே நாளில் கத்தரித்துப் போட்டவன். கத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

"எண்ணெய் கொஞ்சம் காஞ்சு போச்சுண்ணே, அதத் தொடைக்கணும்" என்றேன். "ஆனா பெரிய தப்பு நான் பண்ணிட்டேன். உள்ள இருந்த வயரையெல்லாம் அறுத்துப்புட்டேன். எது எங்க இருந்துச்சுன்னு தெரியலை."

அவர் பூட்டைக் கீழே வைத்தார். "எது? நடுவுல, மணிக்குக் கீழ இருக்கே, அந்தக் கொத்தா?"

"ஆமா."

"மஞ்சள்ல செவப்புக் கோடு போட்டது மேல் பல்லுல இருக்கும். பச்சை அதுக்குக் கீழ. வெள்ளையில கருப்புப் புள்ளி ரெண்டு இருக்கும், ஒண்ணு இங்குட்டு, ஒண்ணு அங்குட்டு." கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத இறகைப் பிடித்தபடி விரலால் காற்றில் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

நான் தேடி வந்த படம் காகிதத்தில் இல்லை, இந்த மனிதர் விரலில் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் நான் கத்தியிருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார். அந்தப் படமும் அவரோடு மூடிப்போயிருக்கும். பழுது பார்க்கப் போகிற இடத்தில், "யாரு கெடுத்தது?" என்று கேட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். "யாரு பாத்துக்கிட்டது?" என்று கேளுங்கள், கொட்டுவார்கள். எனக்குத் தெரிந்த வித்தைகளில் பெரியது இதுதான். இதற்கு மீட்டர் வேண்டாம்.

வெள்ளைச்சாமியை என்னோடு அனுப்புவீர்களா என்று ஆச்சியிடம் கேட்டேன். "காப்புக் கட்டு முடியுற வரைக்குந்தான? சாவிக்கொத்த என்கிட்டக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். வெள்ளைச்சாமி சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

இரண்டரை நாள் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தகட்டின் முனையில் இருக்கும் வெள்ளிப் பூச்சு போய்விடும். மெல்லிய அட்டை வேண்டும், அதை ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு தகடுகளுக்கு நடுவே விட்டு இழுக்க வேண்டும். செட்டிநாட்டில் அட்டைக்கா பஞ்சம்? எங்கள் வீட்டில் வந்து சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் பஞ்சவர்ணம் விரல் அகலத்துக்கு வெட்டி வைத்தாள். நல்ல கெட்டி அட்டை, வழுவழு அட்டை. விட்டு இழுத்தால் அட்டையில் பழுப்பாக ஒரு கோடு விழும். இன்னொன்று, இன்னொன்று, கோடு விழாமல் வெள்ளையாக வரும்வரை. எத்தனை மாப்பிள்ளை பெண் பெயர்கள் அன்றைக்குப் பழுப்பாகிக் குப்பைக்குப் போயின என்று கணக்கே இல்லை. ஒரு பக்கம் அவள் துடைத்தாள். மறுபக்கம் வெள்ளைச்சாமி ஒவ்வொரு வயராகத் தொட்டுச் சொல்ல, நான் ஈயத்தால் பற்ற வைத்தேன். பதினாலு முனையில் பதிமூன்று அவர் சொன்னபடியே பொருந்தியது. பதினாலாவதில் மட்டும் அவர் தயங்கினார். இரண்டு இடத்தில் ஒன்று என்றார். அந்த ஒன்றை நான் மணியின் காயில் வரை தொடர்ந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். மெக்கானிக் என்ற பெயருக்கு அதுவாவது வேண்டாமா?

துடைத்து முடித்ததும் வெள்ளைச்சாமி பழக்கதோஷத்தில் எண்ணெய்க் கிண்ணம் எங்கே என்று தேடினார். "இனிமே இதுக்கு எண்ணெய் குடுத்தா வயித்துக்கு ஒத்துக்கிராதுண்ணே" என்றாள் பஞ்சவர்ணம். அவருக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். பழுப்பான அட்டை ஒன்றைக் குனிந்து எடுத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப நாந்தானா?" என்றார்.

"நீங்க காய்ச்சல்ல படுக்க வச்சீக. இவுக வெட்டிப் போட்டாக. இப்ப ரெண்டு பேருஞ் சேந்துதான எழுப்பி உக்கார வைக்கிறீக?" என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டார். நானும்தான்.

காப்புக் கட்டு அன்று சாயங்காலம். திடலில் ராட்டினத்தின் என்ஜின் படபடக்கிறது. காண்ட்ராக்டர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்தடி தள்ளி வளையக்காரர் சாக்குப்பையோடு தயாராக உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் முதலாளியும் நின்றார். காசு போடும் துவாரம் மலாயாக் காசுக்கானது என்பதால் அதை அடைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தேன். அதைத் தட்டினேன்.

விளக்கு அத்தனையும் எரிந்தது. கூட்டம் "ஓ" என்றது. கம்பியை இழுத்து விட்டேன். குண்டு ஓடியது, முட்டியது, ஒரே ஒரு மணி அடித்தது. உடனே எல்லாம் செத்துப்போனது. துடுப்பு இல்லை, மணி இல்லை, குண்டு நேராகப் பள்ளத்தில் விழுந்தது.

"அம்புட்டுத்தானா?" என்றார் காண்ட்ராக்டர். வளையக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

ஒரு வாரத்துக்கு முன்பாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஸ்குரூ டிரைவரை எடுத்துக் குத்தியிருப்பேன். அன்றைக்கு நான் பெட்டியைத் தொடவில்லை. திரும்பி, "அண்ணே, அப்பச்சி ஆடுறப்ப இப்படி நின்னு போறதுண்டா?" என்று கேட்டேன்.

"உண்டே! குண்டு வுழுகப் போவுதுன்னு அப்பச்சி பெட்டியப் புடிச்சு ஆட்டுவாக. ஆட்டுனா கோவிச்சுக்கிட்டு நின்னுரும்" என்றார் வெள்ளைச்சாமி.

ஆட்டினால் நிற்கும். நான் ஆட்டவில்லை. அப்படியென்றால் வேறு யாரோ ஆட்டுகிறார்கள். காலடியில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. ராட்டினத்தின் என்ஜின்! பக்கத்துப் பலகையைக் கழற்றினேன். உள்ளே ஒரு கம்பியில் ஒரு கனம் தொங்கியது, சுற்றிலும் ஒரு வளையம். பெட்டி ஆடினால் கனம் வளையத்தில் பட்டு ஆட்டத்தை நிறுத்திவிடும். ஏமாற்றுகிறவர்களுக்காக வைத்த காவல் அது. தரை சரிவு வேறு, அதனால் கனம் ஏற்கனவே வளையத்தை ஒட்டித்தான் நின்றது. நாலு காலுக்கும் கீழே வைக்கோலைச் சாக்கில் திணித்து வைத்து, அதன் மேல் பலகை போட்டு, கனம் வளையத்தின் நட்டநடுவில் நிற்கும்வரை சரிபண்ணினேன். ஒரு வயரைக்கூட வெட்டவில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

"அண்ணே, நீங்க ஆடுங்க" என்றேன்.

"நானா? நான் ஒருநாளும் ஆடுனதில்லையே" என்றார். அத்தனை வருடம் தொட்டுத் துடைத்தவர், ஒரு தடவைகூட ஆடியதில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கம்பியை இழுத்தார்.

மணி அடித்தது. மறுபடி அடித்தது. மறுபடி, மறுபடி, திடல் முழுக்கக் கேட்கிற மாதிரி. எண் ஏறியது. குண்டு பள்ளத்துக்கு வரும்போதெல்லாம் கூட்டமே "தட்டுங்க, தட்டுங்க" என்று கத்தியது. அவர் தட்டினார். பெட்டி பாடிக்கொண்டே இருந்தது. பஞ்சவர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. காண்ட்ராக்டர் கையை அவிழ்த்து என் முதுகில் ஒரு அறை விட்டார். "பத்து நாளும் இடம் ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, வளையக்காரரைக் குடைராட்டினத்துக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். அவருக்கும் இடம் போகவில்லை என்று பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு முழுசாக வந்தது.

வரிசை ராட்டினத்தைச் சுற்றி வளைந்து நின்றது. முதலாளியும் வரிசையில் நின்றுதான் வந்தார். ஆடினார், ஒரு ஆட்டத்துக்கு உண்டான மூன்று குண்டும் போனது. பிறகு விளையாட்டை விட்டுவிட்டு, பக்கத்துப் பலகை இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். கண்ணில் தெரிந்துவிட்டது அவருக்கு. நல்ல வேலைக்காரர் என்று சொன்னேனே.

"படம் இல்லாமயா இந்த வயரைச் சேத்தே?"

"படம் இருந்துச்சு முதலாளி."

"யாரு போட்டது?"

ஏழு வருடமாக எனக்குக் கிடைக்காத பார்வை அது. நான்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"அந்தா நிக்கிறாருல்ல, அவருதான். எங்க கடை மெக்கானிக்கு."

வெள்ளைச்சாமி, நான் யாரைக் காட்டுகிறேன் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.